கொலு பொம்மை வாங்க எங்கே போகலாம்: மாட வீதியா, பூம்புகாரா, கொசப்பேட்டையா, ஆன்லைனா?

கீழ் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாகி இது முதல் நவராத்திரி. விநாயகர் சதுர்த்தி முடிந்த மறுவாரமே மாடியேறி வந்துவிட்டாள். "அக்கா, மூணு படிதான் வைக்கப் போறேன். அம்மா மரப்பாச்சி ஜோடி குடுத்துட்டாங்க. மத்ததெல்லாம் எங்க வாங்கறது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றாள். பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் "மயிலாப்பூர் போ" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நாலு இடத்திலும் வாங்கிப் பார்த்துவிட்டேன். எங்கே வாங்கியது நின்றது, எது போனது என்று கணக்கும் இருக்கிறது. அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் சொல்வது சென்னைக்காரர்களுக்கு. மதுரையில் இருப்பவர்களுக்குத் திருப்பரங்குன்றம் பக்கத்தில் விளாச்சேரியே இருக்கிறது, அவர்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

கொலு பொம்மை படியில் இருப்பது ஒன்பது பத்து நாள். மீதி வருஷம் முழுக்கப் பரணில்தான். அதனால் நான் முதலில் பார்ப்பது பரணில் தாங்குமா என்பதை. என் அம்மாவின் தசாவதார செட்டுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. நரசிம்மரின் சுண்டு விரல் நகம் ஒன்று போனதைத் தவிர ஒரு குறையும் இல்லை. நான் ஆசைப்பட்டு வாங்கிய அஷ்டலட்சுமி நாலே வருஷத்தில் அடிப்பக்கம் பொரிந்து மாவாகக் கொட்டியது. இரண்டும் ஒரே பரணில், ஒரே மாதிரி பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தவை.

இரண்டாவது, வீடு வந்து சேரும்போது ஆகும் முழுச் செலவு. பொம்மை விலை மட்டும் விலையல்ல. ஆட்டோ, பேக்கிங், உடைந்தால் நஷ்டம், அடுத்த வருஷம் வைக்கப் பெட்டி எல்லாம் சேரும்.

மூன்றாவது, நமக்கு வேண்டியது கிடைக்குமா என்பது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு எதுவும் சரி. ஆனால் பழைய செட்டில் வாமனர் மட்டும் உடைந்துபோய் அதே உயரத்தில், அதே பீடத்தோடு வேண்டும் என்றால் கதையே வேறு.

நான்காவது, நம் நேரமும் முழங்காலும். ஐந்தாவது, கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்பது. இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

## கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது

எங்கே வாங்கினாலும் இது தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மண் பொம்மையை அச்சில்தான் எடுக்கிறார்கள். முன்பக்கம் ஒரு அச்சு, பின்பக்கம் ஒரு அச்சு. இரண்டிலும் களிமண்ணை அழுத்தி எடுத்து, குழைத்த மண்ணால் ஒட்டி, நிழலில் காயவைத்துச் சூளையில் சுடுகிறார்கள். உள்ளே கூடாக இருக்கும், சுடும்போது வெடிக்காமல் இருக்க அடியில் ஒரு ஓட்டை இருக்கும். பிறகு வெள்ளை அடித்து, அதன் மேல் வண்ணம். அதனால் பொம்மையைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஓட்டையின் உள்விளிம்பு செங்கல் நிறமாக இருந்தால் சுட்ட மண். விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் புதுப் பானையைத் தட்டினாற்போல் சத்தம் வரும். சத்தம் அமுங்கி வந்தால் சூடு போதவில்லை, அல்லது எங்கோ விரிசல் இருக்கிறது. பக்கவாட்டில் இரண்டு பாதியும் சேரும் கோட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். அங்கே வண்ணம் தனியாகத் தடித்திருந்தால் விரிசலை மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மையின் அடியைச் சுரண்டினால் வெள்ளை மாவு வரும். முகம் மண் பொம்மையைவிட வழவழப்பாக, மூக்கும் உதடும் கூர்மையாக இருக்கும். அழகில்தான் ஏமாறுகிறோம். ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நவராத்திரி முடிந்து பரணில் ஏற்றும் நேரம்தான் சென்னையில் வடகிழக்கு மழை தொடங்கும். என் அஷ்டலட்சுமி போனது இப்படித்தான்.

காகிதக்கூழ் பொம்மை தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும். கீழே விழுந்தாலும் பெரும்பாலும் உடையாது, குழந்தை இருக்கும் வீட்டுக்கு நல்லது. எதிரி ஈரமும் கரையானும் ராமபாணப் பூச்சியும். துணி சுற்றி, வசம்பு போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வைத்தால் நிற்கும். மரப் பொம்மைக்கு இந்தக் கவலை குறைவு. கர்நாடகத்துச் சன்னபட்டணா அரக்குப் பொம்மையும் ஆந்திரத்துக் கொண்டபள்ளி பொம்மையும் பரணில் தாங்கும். கொண்டபள்ளிக்கு எடை குறைந்த பொனிகி மரத்தைப் பயன்படுத்துகிறார்கள். கை, கால், தலையைத் தனித்தனியாகச் செதுக்கிப் புளியங்கொட்டை மாவும் மரத்தூளும் கலந்த பசையால் ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டு மட்டும் ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

## மாட வீதி

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலை ஒட்டிய வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன் நடைபாதை முழுக்கப் பொம்மைதான். காஞ்சிபுரம், பண்ருட்டி, புதுச்சேரி என்று பல ஊர்ச் சரக்கு ஒரே தெருவில் வந்து இறங்கும். ஒரு சாயங்காலத்தில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தால் அந்த வருஷம் என்ன புதுசு என்று தெரிந்துவிடும். 2019இல் காஞ்சியில் அத்திவரதர் எழுந்தருளினார் அல்லவா, அந்த வருஷம் நவராத்திரிக்கு எந்தக் கடையில் பார்த்தாலும் சயனத்தில் ஒரு அத்திவரதர், நின்ற கோலத்தில் ஒரு அத்திவரதர்.

இங்கே பெரிய வசதி, எல்லாவற்றையும் கையில் எடுக்கலாம், தட்டலாம், திருப்பலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பேரமும் உண்டு. போன வருஷம் 1,200 சொன்ன செட்டியார் ஜோடியை 900க்கு வாங்கினேன். அதற்காகச் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்காதீர்கள். பொம்மை விற்கும் அந்த அம்மாள் ராத்திரி முழுக்கப் பொம்மைக்குக் காவலாக நடைபாதையிலேயே படுத்துக் கிடக்கிறாள். மழை தூறினால் அரை நிமிஷத்தில் நீலத் தார்ப்பாய் மூட வேண்டும். நான் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு முறை அப்படி வந்தது. பொம்மை எதுவும் நனையவில்லை, அவள் முழுக்க நனைந்துவிட்டாள். முந்தானையால் முதலில் ஒரு கிருஷ்ணரின் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் தன் முகத்தைத் துடைத்தாள்.

மறைவாக ஆகும் செலவு என்று பார்த்தால், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, ஆட்டோவில் போய் ஆட்டோவில்தான் வர வேண்டும். செய்தித்தாள் சுற்றி, வைக்கோல் போட்டுக் கட்டித் தருவார்கள், ஆனால் ஆறு பொம்மைக்கு மேல் போனால் தூக்கிவர இன்னொரு ஆள் தேவை. பில் கிடையாது, வீட்டுக்கு வந்து விரிசல் பார்த்தால் திரும்பப் போய்க் கேட்பது கஷ்டம். மண்ணா பிளாஸ்டரா என்று கேட்டால் எல்லாரும் "மண்ணுதாம்மா" என்றுதான் சொல்வார்கள். அதனால் மேலே சொன்ன சோதனை இங்கேதான் மிகவும் அவசியம். சாயங்கால மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வண்ணம் ஏமாற்றும், காலை பத்து மணிக்குப் போங்கள்.

ஒன்றிரண்டு பொம்மை சேர்க்கிறவர்களுக்கும், என்ன வேண்டும் என்றே தெரியாமல் பார்த்து ஆசைப்பட்டு வாங்க நினைப்பவர்களுக்கும் மாட வீதிதான் சரி.

## பூம்புகார் கண்காட்சி

1973இல் தொடங்கிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் விற்பனை நிலையங்களுக்குத்தான் பூம்புகார் என்று பெயர். அண்ணா சாலை நிலையத்தில் ஒவ்வொரு வருஷமும் நவராத்திரியை ஒட்டிக் கொலு பொம்மைக் கண்காட்சி நடக்கிறது. மாட வீதியில் கூட்டம் சேரும் முன்பே இங்கே தொடங்கிவிடும்.

குறித்த விலை, பில், கார்டு வசதி, கூரைக்குக் கீழே நிதானமாகப் பார்க்கலாம். வயதானவர்களை அழைத்துக்கொண்டு போக இதைவிட நல்ல இடம் இல்லை. வெளிமாநிலப் பொம்மைகளும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் ஒரே கூரையில் கிடைக்கும். தலையாட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. தெருவில் பிளாஸ்டிக்கில் வரும் தலையாட்டியைப் பார்த்துச் சலித்தவர்கள் இங்கே வாங்கலாம்.

பேரம் இல்லை. சில பொம்மைகள் மாட வீதியைவிட விலை அதிகம்தான். ஆனால் பில்லோடு, பேக்கிங்கோடு, பார்க்கிங் அலைச்சல் இல்லாமல் வாங்குவதைக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் குறைந்துவிடுகிறது. எனக்கு இங்கே இருக்கும் ஒரே குறை, நல்ல செட்டெல்லாம் முதல் வாரத்திலேயே போய்விடும். கடைசி வாரத்தில் போனால் மிச்சம் மீதிதான்.

## கொசப்பேட்டை, காஞ்சிபுரம்: செய்பவர் வாசலுக்கே போவது

புரசைவாக்கம் பக்கத்துக் கொசப்பேட்டை குயவர் (கொசவர்) குடியிருப்பு, பேரிலேயே இருக்கிறது. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், அதற்கப்புறம் கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல் என்று வருஷம் அந்தச் சந்துகளில் சுழலும். சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர் போகத் தயாராக இருந்தால் காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு இருக்கிறது.

முதல் தடவை கொசப்பேட்டை போனபோது ஒரு பெரியவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து மீனாட்சிக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். உடம்பு, புடவை, நகை எல்லாம் முடிந்து, கண் மட்டும் வெள்ளையாக இருந்தது. பொம்மையை இடது முழங்காலில் சாய்த்து, கட்டைவிரலை அதன் மோவாயில் ஊன்றிக்கொண்டார். நாலைந்து மயிர்தான் இருக்கும் அந்தத் தூரிகையில். மேல் இமையை ஒரே இழுப்பில் போட்டார். அந்த இழுப்பு முடியும்வரை மூச்சு விடவில்லை. கருவிழியை வைத்ததும் பொம்மையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "இப்பதான் பாக்குறா" என்றார். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த என் வாய் அடைத்துவிட்டது. அந்த மீனாட்சியைத்தான் வாங்கி வந்தேன்.

ஐந்தாவதாகச் சொன்னேனே, பணம் யார் கைக்குப் போகிறது என்று, அது இதற்காகத்தான். இடையில் இரண்டு கை மாறும்போது கண் எழுதியவருக்குப் போய்ச் சேருவது குறைகிறது. அவர் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவில்லை என்றால் இன்னும் இருபது வருஷத்தில் நாம் எங்கே போய் வாமனர் வாங்குவது?

இங்கே விலை குறைவு. ஆனால் தேர்வும் குறைவு, அந்தந்த வீட்டில் இருக்கும் அச்சில் வருவதுதான். வேண்டியதைச் சொல்லிச் செய்யச் சொல்லலாம், அதற்கு நவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்னால் போய் நிற்கக்கூடாது. தை, மாசியில் போய்ச் சொல்லி முன்பணம் கொடுத்தால் அவர்களுக்கும் வேலை இல்லாத மாதத்தில் கையில் காசு, நமக்கும் மனசுக்குப் பிடித்த பொம்மை. உடைந்த பொம்மையின் இணையை எடுத்துக்கொண்டு போனால் உயரம் பார்த்து அதற்கேற்ற அச்சு இருக்கிறதா என்று தேடித் தருவார்கள். பழைய பொம்மைக்குப் புது வண்ணம் பூசித் தருபவர்களும் உண்டு. பாட்டி காலத்துப் பொம்மை வைத்திருப்பவர்கள் அவசியம் கேட்டுப் பாருங்கள், புதிது வாங்கும் செலவு மிச்சம்.

காஞ்சிபுரம் போவதென்றால் கார் வாடகையையும் கணக்கில் சேருங்கள். ஒரு ஜோடி பொம்மைக்காகப் போனால் கட்டாது. மூன்று நாலு குடும்பமாகச் சேர்ந்து போய், வரதரையும் காமாட்சியையும் தரிசித்துவிட்டு, முழு செட்டாக வாங்கி வந்தால் மாட வீதியைவிட நிச்சயம் லாபம்.

## ஆன்லைன்

இதில் எனக்குப் பட்ட அனுபவம் நல்லதல்ல. பத்து உருப்படி கிராமத்து செட் ஒன்று வரவழைத்தேன். படத்தில் முழு ஊரே இருந்தது. வந்து சேர்ந்ததோ உள்ளங்கை உயரத்துக்கு. நெல் குத்துகிற பெண்ணின் உலக்கை இரண்டாக ஒடிந்து, கூடவே அவள் கையும் போயிருந்தது. அந்த ஒன்றை மட்டும் மாற்றித் தர முடியாது, பத்தையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். மறுபடி கட்டி அனுப்பிப் பணம் வருவதற்குள் நவராத்திரியே முடிந்துவிட்டது.

அதற்காக ஆன்லைனே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தட்டிப் பார்த்து வாங்க வேண்டிய மண் பொம்மைக்குத்தான் அது ஒத்துவரவில்லை. மரப்பாச்சி, சன்னபட்டணா, கொண்டபள்ளி, காகிதக்கூழ் எல்லாம் வழியில் உடையாமல் வந்துவிடுகின்றன. பெங்களூரிலோ தில்லியிலோ இருந்து கொலு வைப்பவர்களுக்கு வேறு வழியும் குறைவு. வாங்கும் முன் உயரம் எத்தனை அங்குலம், எடை எவ்வளவு, எதால் செய்தது என்று மூன்றையும் படித்துவிடுங்கள். "மண் போன்ற", "களிமண் தோற்றம்" என்று எழுதியிருந்தால் அது மண் அல்ல. பொம்மை விலைக்குச் சமமாகக் கூரியர் செலவு வருவதும் உண்டு, கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | மாட வீதி | பூம்புகார் | கொசப்பேட்டை, காஞ்சி | ஆன்லைன் |
|---|---|---|---|---|
| தட்டிப் பார்த்து வாங்க | முடியும் | முடியும் | முடியும், செய்தவரையே கேட்கலாம் | முடியாது |
| விலை | பேரம் உண்டு | குறித்த விலை | குறைவு | கூரியரைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் |
| கூடுதல் செலவு | ஆட்டோ, தூக்க ஆள் | அதிகம் இல்லை | பயணம், முன்பணம் | உடைந்தால் அலைச்சல் |
| தேர்வு | மிக அதிகம் | வெளிமாநிலப் பொம்மையும் உண்டு | அந்த வீட்டு அச்சுகள், சொல்லிச் செய்யலாம் | அதிகம், படத்தை நம்ப வேண்டும் |
| உடைந்ததற்கு இணை | அதிர்ஷ்டம் | கடினம் | இங்கேதான் | கடினம் |
| யாருக்கு | ஒன்றிரண்டு சேர்ப்பவர் | முதியவர், பில் வேண்டுபவர் | முழு செட், பழையதைச் சரிசெய்பவர் | வெளியூர், மரப் பொம்மை |

## எப்போது போவது

இதுவும் இடத்தைப் போலவே முக்கியம். நவராத்திரிக்கு முந்தைய தேய்பிறைப் பதினைந்து நாளான மகாளய பட்சத்தில் புதுப் பொருள் வாங்குவதில்லை என்று சில வீடுகளில் வழக்கம் உண்டு. அவர்கள் பௌர்ணமிக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். அப்போது பூம்புகாரிலும் கொசப்பேட்டையிலும்தான் சரக்கு இருக்கும், மாட வீதி இன்னும் களைகட்டியிருக்காது. அந்த வழக்கம் இல்லாதவர்கள் அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னால் மாட வீதி போகலாம். அமாவாசை அன்று சாயங்காலம் மட்டும் போகாதீர்கள். படி வைக்க நேரமாகிறதே என்ற பதற்றத்தில் யாரும் அடியைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

இன்னொரு நேரமும் உண்டு. சரஸ்வதி பூஜை ஆனதும் மாட வீதியில் மீந்ததை ஊருக்குத் திருப்பி ஏற்றிச் செல்வதைவிட விற்றுவிடத்தான் பார்ப்பார்கள். அடுத்த வருஷத்துக்கு என்று வாங்கி வைக்கலாம் என்பவர்களுக்கு அதுதான் மலிவு. நான் தசாவதாரம் போன்ற முழு செட்டை அப்போது வாங்க மாட்டேன். பத்தில் ஒன்று கட்டாயம் விரிந்திருக்கும். தனிப் பொம்மை வாங்கலாம்.

கீழ் வீட்டுப் பெண்ணுக்கு நான் சொன்னது இது. மரப்பாச்சி இருக்கிறது, முதல் வருஷம் மூன்று படியை நிரப்பியே தீர வேண்டும் என்று கடமை இல்லை. மாட வீதியில் காலை வேளையில் ஒரு செட்டியார் ஜோடியும் ஒரு பிள்ளையாரும். மேல்படிக்குக் கலசம். மீதி இடத்தில் வீட்டில் இருக்கும் வெண்கல விளக்கும், பித்தளைச் சொப்பும். தசாவதாரம் கட்டாயம் வேண்டும் என்கிறாள், அதைத் தை மாதம் கொசப்பேட்டை போய்ச் சொல்லிச் செய்யலாம், நானும் கூட வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை காலை போனோம். மூன்றாவது கடையில் ஒரு செட்டியார் ஜோடி. செட்டிச்சி முன்னால் துவரம்பருப்பும் மஞ்சளும் குவித்த குட்டித் தட்டுகள். கீழ் வீட்டுப் பெண் அவளாகவே பொம்மையைத் திருப்பிப் பார்த்தாள், முட்டியால் தட்டினாள், காதருகே வைத்து இன்னொரு தரம் தட்டினாள். கடைக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே, "நல்லா வெந்தது கண்ணு, எடுத்துக்கோ" என்றாள். வரும்போது ஆட்டோவில் பையைக் கீழே வைக்கவில்லை, லஸ் தாண்டும்வரை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள்.